பண்டிகைப் பரிசாக உயர்தர சாக்லேட் பெட்டி: எதைப் பார்த்து வாங்குவது?

ரிப்பனையும் தங்கக் காகிதத்தையும் விடுங்கள், முதலில் பெட்டியைத் திருப்பிப் பின்பக்கம் படியுங்கள். சாக்லேட்டில் கோகோ வெண்ணெய்க்குப் பதிலாகப் பாமாயில் மாதிரி வேறு கொழுப்பு சேர்த்திருந்தால், பெட்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்த விலைக்கு அது தகாது என்பதுதான் என் கருத்து.

அடுத்தது காலாவதித் தேதி, இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. கனாஷ் (சாக்லேட்டும் க்ரீமும் கலந்த மென்மையான கலவை) உள்ளே வைத்து, கெடாமல் காக்கும் பொருள் எதுவும் சேர்க்காமல் செய்தவை பெரும்பாலும் இரண்டு மூன்று வாரம்தான் நன்றாக இருக்கும், அதனால் ஒரு மாதம் முன்பே வாங்கி அலமாரியில் பூட்டி வைத்தால் காசு வீண். முன்கூட்டியே வாங்கியாக வேண்டுமென்றால் உள்ளே எதுவும் நிரப்பாததை எடுங்கள், அது பல மாதம் தாங்கும்.

கொட்டை அலர்ஜி, மது, ஜெலட்டின் (விலங்கிலிருந்து எடுப்பது) இதெல்லாம் பெறுபவருக்குச் சரிப்படுமா என்று கேட்டுவிடுங்கள். அவருடைய ருசி தெரியாவிட்டால் 70 சதவீதக் கோகோ உள்ள கசப்புச் சாக்லேட் மட்டும் இருக்கும் பெட்டி வேண்டாம் (அது பெரும்பாலும் வாங்குபவரின் ஆசைதான்), கலவையாக எடுங்கள்.

அப்புறம், கொடுக்கும்வரை 15 முதல் 18 டிகிரியில், ஈரமில்லாத இடத்தில் வையுங்கள். ஃப்ரிட்ஜில் அப்படியே வைத்து எடுத்தால் ஈரம் பட்டு மேலே வெள்ளையாகப் படியும். சாப்பிடலாம், ஆனால் பரிசாக நீட்ட முடியாது.