ஹட்சனில் இறங்கிய விமானம்: வாசகர் கேள்விகள்

(பதில் சொல்பவர்: முன்னாள் விமானப் பணிப்பெண், பிறகு கேபின் ஊழியர்களின் பாதுகாப்புப் பயிற்சியாளர்)

கேள்வி: பறவைகள் மோதி இரண்டு இன்ஜினும் செயலிழந்து, 2009-ல் நியூயார்க்கின் ஹட்சன் ஆற்றில் இறங்கிய விமானத்தில் 155 பேரும் பிழைத்தார்களே! தரையைவிடத் தண்ணீர் மெத்தை மாதிரி இருப்பதால்தானே?

மெத்தையா! விமானம் ஆற்றைத் தொட்டபோது வேகம் சுமார் 125 நாட், அதாவது மணிக்கு 230 கிலோமீட்டர். அந்த வேகத்தில் தண்ணீர் விலகி வழிவிடாது, அறையும். அந்த ஏ320 விமானத்தின் அடிவயிறு பின்பக்கம் கிழிந்தே போனது. பிழைக்க வைத்தது, இரண்டு இறக்கையும் சமமாக, மூக்கு சற்றே தூக்கியபடி இறங்கிய விதம். ஒரு இறக்கை முந்திக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு 1996-ல் கொமோரோ தீவுக் கரையோரம் விழுந்த எத்தியோப்பிய போயிங் 767 விமானம் சாட்சி. கடத்தல்காரர்கள் பிடியில் எரிபொருள் தீர்ந்து, இடது பக்கம் முதலில் தண்ணீரில் பட்டு உடைந்தது. 175 பேரில் 125 பேர் போய்விட்டார்கள்.

கேள்வி: கிளம்பிய விமான நிலையத்துக்கே திரும்பியிருக்கலாம் என்று என் நண்பன் சாதிக்கிறான். சிமுலேட்டரில் நிரூபித்துவிட்டார்களாமே?

உங்கள் நண்பர் பாதியைத்தான் படித்திருக்கிறார். விசாரணையில் சிமுலேட்டரில், அதாவது நிஜ விமானம் போலவே இயங்கும் பயிற்சி இயந்திரத்தில், ஓட்டிப் பார்த்தார்கள். பறவை மோதிய அதே நொடியில் திருப்பினால், கிளம்பிய லாகார்டியா விமான நிலையத்தின் ஓடுபாதையில் இறங்க முடிந்தது, வாஸ்தவம். ஆனால் சிமுலேட்டரில் உட்கார்ந்தவர்களுக்கு என்ன நடக்கப்போகிறது என்பது முன்பே தெரியும். நிலைமையைப் புரிந்துகொள்ள 35 விநாடி கொடுத்து அதற்குப் பிறகு திரும்பச் சொன்னபோது, ஓடுபாதையை எட்டவே முடியவில்லை. எட்டாமல் விழுந்தால் கீழே இருப்பது வயல்வெளி இல்லை, நெருக்கியடித்த நகரம்.

காக்பிட்டில் நடந்ததைப் பாருங்கள். ஜனவரி 15, மதியம் 3.27. உயரம் 2,818 அடி. கனடா வாத்துக் கூட்டம் இரண்டு இன்ஜினிலும் புகுந்தது. ஆற்றைத் தொடுவதற்கு 208 விநாடி. அதுவரை ஓட்டிக்கொண்டிருந்தவர் துணை விமானி ஜெஃப்ரி ஸ்கைல்ஸ். இந்த ரகத்தில் பயிற்சி முடித்து அவர் வந்த முதல் பணிப்பயணம் அது. கேப்டன் செஸ்லி சல்லன்பெர்கர் கட்டுப்பாட்டைத் தன் கைக்கு மாற்றிக்கொண்டார். ஸ்கைல்ஸ் அவசரகாலக் கையேட்டைப் புரட்டினார். இரண்டு இன்ஜினும் நின்றால் செய்ய வேண்டியவை மூன்று பக்கம், அதுவும் 20,000 அடிக்கு மேல் பறக்கும்போது நடக்கும் என்று நினைத்து எழுதியவை! முதல் பக்கத்தைக்கூட முடிக்க நேரமில்லை. மின்சாரம் தரும் சிறிய துணை இன்ஜினை இயக்குவது அந்தப் பட்டியலில் தள்ளித்தான் வரும். அதை கேப்டன் வரிசைக்குக் காத்திராமல் உடனே இயக்கினார். அந்த மின்சாரம் இருந்ததால்தான் விமானத்தின் கட்டுப்பாட்டுக் கணினிகள் கடைசிவரை முழுமையாக வேலை செய்தன. அவர் எடுத்த முடிவுகளில் ஆற்றைத் தேர்ந்தெடுத்ததற்குச் சமமாக இதையும் நான் மதிக்கிறேன். பத்திரிகைகள் இதைப் பற்றி அதிகம் பேசவில்லை.

கேள்வி: அக்கா, விமானத்தில் லைஃப் ஜாக்கெட் போட்டுக் காட்டுவது வெறும் சடங்குதானே? யார் பார்க்கிறார்கள்?

யாரும் பார்ப்பதில்லை என்பது எனக்குத் தெரியாதா! எத்தனை வருடம் நின்று காட்டியிருக்கிறேன். ஹட்சன் பயணிகளிலும் பெரும்பாலோர் பார்க்கவில்லை. பலன் என்ன? 150 பயணிகளில் எப்படியோ ஜாக்கெட் கைக்கு வந்தவர்கள் சுமார் 33 பேர். அதில் இடுப்புப் பட்டையைக் கட்டி முறையாகப் போட்டுக்கொண்டதாகச் சொன்னவர்கள் நான்கே பேர். வெளியே குளிர் மைனஸ் 7 டிகிரி, ஆற்று நீர் 5 டிகிரி. அந்தக் குளிரில் விரல் விறைத்துவிடும், கொக்கி மாட்ட வராது. முதல் படகு சில நிமிடங்களில் வந்துவிட்டது, தப்பித்தார்கள்.

இன்னொன்று. கேபினுக்குள் இருக்கும்போதே ஜாக்கெட்டை ஊதிவிடக் கூடாது. பயிற்சி வகுப்பில் இதை வாயால் சொல்லிப் பார்த்து அலுத்துப்போய், மாதிரி கேபினில் ஒருவரை ஊதிக்கொண்டே வெளியே வரச் சொல்வேன். சிவப்புப் பிடியை இழுத்ததும் மார்பில் புஸ்ஸென்று இரண்டு மூட்டை எழும்பும், குனிந்து தன் காலைப் பார்க்க முடியாது. இறக்கை மேலுள்ள வாசலில் தோள் சிக்கும், பின்னால் நிற்பவர் முதுகில் இடிப்பார். வகுப்பே சிரிக்கும். அப்போதுதான், உள்ளே தண்ணீர் ஏறினால் என்ன ஆகும் என்று கேட்பேன். நீங்கள் மிதந்து கூரையோடு ஒட்டிக்கொள்வீர்கள், வாசல் உங்களுக்குக் கீழே தண்ணீருக்குள் இருக்கும். மூழ்கி வெளியேற ஜாக்கெட் விடாது. கொமோரோவில் பலருக்கு நடந்தது இதுதான்.

கேள்வி: எல்லாப் புகழும் கேப்டனுக்கே போய்விட்டதே, நியாயமா?

அவருக்கு உரிய புகழ்தான். மூழ்கிக்கொண்டிருந்த கேபினை இரண்டு முறை நடந்து பார்த்துவிட்டுத்தான் வெளியே வந்தார். ஆனால் பின்பக்கம் இருந்த பணிப்பெண் டோரீன் வெல்ஷை எத்தனை பேருக்குத் தெரியும்? தரையைப் பிய்த்துக்கொண்டு வந்த உலோகம் அவர் காலைக் கிழித்திருந்தது. பின்பக்கம் குளிர்ந்த நீர் மளமளவென்று ஏறுகிறது. பின்வாசல் உதவாது என்று கண்டு, பயணிகளை முன்னே போகச் சொல்லிக் கத்தினார். மற்ற இரு பணிப்பெண்கள் ஷீலா டெய்ல், டோனா டென்ட் முன்பக்கத்தைப் பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் மூவருக்கும் அனுபவம் ஏராளம். அதிர்ஷ்டமும் கூட இருந்தது: கடல்மேல் பறக்கத் தேவையான மிதவைச் சறுக்குகள் (வாசலில் ஊதி விரிந்து, தண்ணீரில் படகாகவும் உதவுபவை) அந்த விமானத்தில் இருந்தன, அந்த வழித்தடத்துக்கு அவை கட்டாயமே இல்லை.

கேள்வி: அந்த விமானமும் வாத்துகளும் என்ன ஆயின?

விமானம் 2011-ல் அமெரிக்காவின் சார்லட் நகர அருங்காட்சியகத்துக்குப் போனது. அன்று அது போக வேண்டிய ஊரும் அதுதான்! வாத்து விஷயம் வேடிக்கை. 2009 கோடையில் நியூயார்க் விமான நிலையங்களைச் சுற்றி ஆயிரத்துக்கும் மேற்பட்ட உள்ளூர் வாத்துகளைப் பிடித்துக் கொன்றார்கள். ஆனால் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் ஆய்வு நிறுவனத்தினர் இன்ஜினில் கிடைத்த இறகுகளைச் சோதித்தபோது, மோதியவை வடக்கிலிருந்து வலசை வந்தவை என்று தெரிந்தது. இன்ஜினைக் குறை சொல்வதும் சரியில்லை. 4 பவுண்டு பறவையை வைத்து அதைச் சோதித்திருந்தார்கள், வந்தது சுமார் 8 பவுண்டு வாத்து.

கேள்வி: எனக்கு நீச்சல் தெரியாது. விமானத்தில் எந்த இருக்கை பாதுகாப்பானது?

இருக்கையைத் தேடி அலையாதீர்கள். உட்கார்ந்ததும் முன்னாலும் பின்னாலும் உள்ள அவசர வாசல் எத்தனை வரிசை தள்ளி என்று எண்ணிக்கொள்ளுங்கள், இருட்டிலும் புகையிலும் கை தடவிப் போக உதவும். இரண்டு பக்கமும் எண்ணுங்கள். ஹட்சனில் பின்வரிசைக்காரர்கள் பக்கத்து வாசலை விட்டுவிட்டு இருக்கைகளின் மேல் ஏறி முன்னே வர வேண்டியிருந்தது.