கூலரை மாற்றினீர்கள், வழக்கும் மாறிவிட்டது

கேள்வி (கடிதம் சுருக்கப்பட்டுள்ளது): மதுரையில் திருமண வீடியோக்களைத் தொகுத்துக் கொடுத்துப் பிழைப்பவன் நான். பதினான்கு மாதங்களுக்கு முன் கணினியில் திரைக்காட்சியை உருவாக்கும் கிராபிக்ஸ் கார்டு ஒன்றை 41,000 ரூபாய்க்கு வாங்கினேன். வாரண்டி மூன்று ஆண்டு. கொஞ்சம் வேலை கொடுத்தாலே அதன் விசிறிகள் மாவு மில் போல இரையும். சர்வீஸ் சென்டரில் "இயல்பான சத்தம்தான்" என்று சிரித்தார்கள். மனம் வெறுத்து, ஒரு கடையில் வாட்ஸ்அப்பில் விசாரித்து, 6,500 ரூபாய்க்கு வேறு நிறுவனத்தின் கூலரை (கார்டின் சூட்டைத் தணிக்கும் விசிறித் தொகுதி) வாங்கி நண்பருடன் சேர்ந்து மாற்றினேன். விசிறி ஒயரின் முனை கார்டில் சேரவில்லை; மதர்போர்டில் செருகினோம். விசிறிகள் எந்நேரமும் முழு வேகத்தில் ஓடின, சத்தம் அப்படியே இருந்தது. மூன்றாம் நாள் திரை இருண்டுவிட்டது. வாரண்டி செல்லாது என்கிறார்கள். கூலர் விற்றவர் 6,500-ஐ மட்டும் திருப்பித் தருகிறேன் என்கிறார். பழைய கூலரையே பொருத்தி வேறு ஊர் சர்வீஸ் சென்டரில் கொடுத்துப் பார்க்கலாம் என்கிறார் நண்பர். கார்டின் விலையும் மன உளைச்சலுக்கு 2 லட்சமும் கேட்டு வழக்குப் போடலாமா?

பதில்: ஐந்து பக்கம் எழுதியிருக்கிறீர்கள். அதில் மூன்று பக்கம் ஊழியர் எப்படிச் சிரித்தார் என்பதற்கே போய்விட்டது. சிரிப்புக்கு இழப்பீடு கிடையாது. எனக்கு வேண்டியது நான்காம் பக்கத்தில் போகிற போக்கில் எழுதியிருக்கும் அந்த ஒரு வரி: வாட்ஸ்அப்பில் விசாரித்தீர்கள். என்னவென்று விசாரித்தீர்கள்?

"என்னிடம் இன்ன மாடல் கார்டு இருக்கிறது, இதற்கு எந்தக் கூலர் பொருந்தும்?" என்று கேட்டு, கடைக்காரர் ஒன்றைக் காட்டி "இது பொருந்தும்" என்று பதில் எழுதியிருந்தால் உங்களுக்கு வழக்கு இருக்கிறது. 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், 16-ஆவது பிரிவு: தேவையைச் சொல்லி, விற்பவரின் அனுபவத்தை நம்பி வாங்கினால், பொருள் அந்தத் தேவைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். மாறாக, இன்ன நிறுவனத்தின் இன்ன கூலர் இருக்கிறதா என்று பெயர் சொல்லிக் கேட்டு வாங்கியிருந்தால், அதே பிரிவின் விதிவிலக்கைக் கடைக்காரரின் வழக்கறிஞர் முதல் நாளே எடுத்து வைப்பார். வணிகப் பெயரைச் சொல்லி வாங்கிய பொருளுக்கு அந்தப் பொறுப்பு விற்றவருக்கு இல்லை. கார்டின் முழுப் பெயரை எழுதினீர்களா, அதன் நடுவிலுள்ள முக்கியச் சிப்பின் பெயரை மட்டுமா என்பதும் முக்கியம். ஒரே சிப்பை வைத்துப் பல நிறுவனங்கள் பல வடிவங்களில் கார்டு செய்கின்றன. திருகுத் துளைகள் ஒத்துப்போனாலும் மின்தேக்கி ஒன்று உயரமாக நின்று இடிக்கும். விசிறி ஒயரின் முனை வேறாக இருக்கும். பல கூலர் பெட்டிகளின் பொருத்தப் பட்டியல் சிப்பை வடிவமைத்த நிறுவனத்தின் மூல வடிவத்தைக் கணக்கில் வைத்துப் போடப்பட்டதுதான். அந்த உரையாடலை இன்றே முழுமையாக ஏற்றுமதி செய்து வையுங்கள். ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது, கைபேசியையும் மாற்றாதீர்கள்.

கார்டு தயாரித்தவரை விட்டுவிடுங்கள். சத்தம் குறைபாடாக வேண்டுமானால், சட்டமோ ஒப்பந்தமோ விற்பவரின் விளம்பரமோ சொன்ன தரத்துக்குக் கீழே பொருள் இருந்தது என்று காட்ட வேண்டும். பெட்டியில் "ஓசையற்றது" என்று போட்டிருந்தால் அதைப் பிடித்துக்கொள்ளலாம். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை. அந்த இரைச்சல் விசிறியுடையதுதானா என்பதே எனக்குச் சந்தேகம். கார்டிலுள்ள மின்சுருள்கள் அதிர்ந்து கீச்சிடுவதும் உண்டு. எந்தக் கூலரைப் பொருத்தினாலும் அது நிற்காது. கார்டு ஓடிக்கொண்டிருந்த காலத்தில் வந்திருந்தால் சிறியதானாலும் சுத்தமான ஒரு வழக்கு கையில் இருந்திருக்கும். நீங்கள் திருகைக் கழற்றிய பிறகுதான் கார்டு செத்தது.

அமெரிக்காவில் ஸ்டிக்கரைக் கிழித்தாலும் வாரண்டி போகாது என்று எழுதியிருக்கிறீர்கள். அது அங்குள்ள 1975-ஆம் ஆண்டு மேக்னசன்-மாஸ் சட்டம். அதை வைத்து அங்கே 2018-லும் 2024-லும் நிறுவனங்களுக்கு எச்சரிக்கைக் கடிதங்கள் போனது உண்மை. மதுரை நுகர்வோர் ஆணையத்தில் அது ஒரு செய்தித் துணுக்கு, அவ்வளவுதான். அங்கேயும்கூட, நீங்கள் செய்த மாற்றத்தால்தான் பழுது வந்தது என்று நிறுவனம் காட்டிவிட்டால் வாரண்டி இல்லை. வாரண்டி நிபந்தனையே நியாயமற்ற ஒப்பந்தம் என்று வாதிட நினைத்தால், அதற்கு மாநில ஆணையத்துக்குப் போக வேண்டும். மாவட்ட ஆணையத்துக்கு அந்த அதிகாரம் இல்லை.

இனி நண்பரின் யோசனை. என்னிடம் வருகிறவர்கள் விழுகிற குழி அதுதான்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இளைஞர் மடிக்கணினியோடு வந்தார். நியாயமான வழக்கு. ஆனால் உள்ளே திறந்து, சூட்டைக் கடத்தும் பசையான தெர்மல் பேஸ்டை மாற்றியதை என்னிடமே மறைத்து, "நான் ஒருபோதும் திறக்கவில்லை" என்று பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார். எதிர்தரப்பு இரண்டு காகிதங்களைத் தாக்கல் செய்தது. ஒன்று, பழுதுபார்க்கப் பெற்றுக்கொண்டபோதே சர்வீஸ் சென்டரில் எடுத்த படம்: கீறல் விழுந்த திருகுத் தலைகள். மற்றொன்று, தெர்மல் பேஸ்ட் வாங்கிய இணையக் கடையில் அவரே எழுதிய விமர்சனம்: "எளிதாகப் பிரித்து மாற்றினேன், ஐந்து நட்சத்திரம்." மடிக்கணினி பழுதானதற்கும் பேஸ்டுக்கும் தொடர்பே இல்லை. ஆனாலும் அதன் பிறகு அவர் சொன்ன எதையும் ஆணையம் நம்பவில்லை, புகார் தள்ளுபடி. எதிர்தரப்பு மேலே போகாமல் விட்டது அவருடைய அதிர்ஷ்டம். ஆணையத்தில் நடப்பது நீதிமுறை நடவடிக்கை. அங்கே பொய்ச் சாட்சியம் அளித்தால் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 229-ஆவது பிரிவு ஏழு ஆண்டு வரை சிறை என்கிறது. 41,000 ரூபாய்க்காகவா?

உங்கள் நிலைமை அவரைவிட மோசம். முதல் சர்வீஸ் சென்டரின் பதிவேட்டில் கார்டின் வரிசை எண்ணோடு எல்லாம் ஏறியிருக்கும். பழைய கூலரை மாட்டி வேறு ஊரில் நீட்டினால், மறுப்போடு பொய்க்கான ஆதாரத்தையும் அவர்களுக்கு நீங்களே தேடிக் கொடுக்கிறீர்கள். கூலர் கடைக்காரர் மீதுள்ள நல்ல வழக்கும் அதோடு சேர்ந்து போகும். அங்கே உங்கள் வாதமே "இந்தக் கூலரைப் பொருத்தினேன், கார்டு எரிந்தது" என்பதுதானே? ஒரே கார்டுக்கு இரண்டு கதை சொல்ல முடியாது.

எனவே கார்டைத் தொடாதீர்கள். இப்போது இருக்கிற நிலையில், கூலரோடு, படமெடுத்து உறையிலிட்டு வையுங்கள். பரிசோதிக்காமல் குறைபாட்டைத் தீர்மானிக்க முடியாது என்றால் ஆணையம் பொருளை முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்பும். கட்டணத்தை நீங்கள்தான் கட்ட வேண்டும். கூலர் பெட்டியில் சூட்டை இழுக்கும் சிறுசிறு உலோகத் துண்டுகள் (ஹீட் சிங்குகள்) வந்திருக்குமே, மெமரி சிப்புகள் மீதும் மின்சாரத்தைச் சீராக்கும் பாகங்கள் மீதும் ஒட்டுவதற்கு? அவற்றில் எத்தனை ஒட்டினீர்கள், எத்தனை பெட்டியிலேயே கிடக்கின்றன? எண்ணிப் பாருங்கள். நடுவிலுள்ள சிப் குளுகுளுவென்று இருக்கும்போதே ஓரத்துப் பாகங்கள் வெந்து போகும். பாதி பெட்டியிலேயே இருந்தால், பிழை பொருளில் இல்லை, பொருத்தியதில்தான் என்று முடிவாகிவிடும். வாட்ஸ்அப் பதிலும் அப்போது உதவாது.

பில்லையும் எடுத்துப் பாருங்கள். வரிச் சலுகைக்காக நண்பருடைய ஸ்டூடியோவின் ஜிஎஸ்டி எண்ணைப் போட்டு வாங்குகிற பழக்கம் உங்கள் தொழிலில் இருக்கிறது. சுயதொழில் செய்து பிழைக்கிற தனிமனிதர் நுகர்வோர்தான், அதில் சிக்கல் இல்லை. பில் இன்னொரு நிறுவனத்தின் பெயரில் இருந்தால் நீங்கள் யார் என்பதிலேயே வழக்கு நின்றுவிடும்.

இரண்டு லட்சம் மன உளைச்சலை மறந்துவிடுங்கள். எனக்குத் தரும் கட்டணமே கார்டின் விலையைத் தொட்டுவிடும். கடைக்காரர் 6,500 தருகிறேன் என்று தானாகச் சொல்லியிருக்கிறார்; அது பேச்சின் தொடக்கம். வாட்ஸ்அப் பதில் உங்களுக்குச் சாதகமாக இருந்தால், கார்டின் பழைய விலையில் பாதியாவது சேர்த்துக் கேட்டு எழுத்தில் அனுப்புங்கள். சாதகமாக இல்லையென்றால் 6,500-ஐ வாங்கிக்கொண்டு முடித்துவிடுங்கள். எதுவானாலும் அதே கடையில் மட்டும் செல்லும் வரவு நோட்டாக வாங்காதீர்கள், வங்கிக் கணக்கில் வரட்டும். பணம் வந்த பிறகே கூலரைக் கொடுங்கள். அது உங்களிடம் இருக்கும்வரைதான் சாட்சியம். ரசீதில் "எல்லாக் கோரிக்கைகளும் தீர்ந்தன" என்று அவர் எழுதிக் கேட்டால், முழுத் தொகையும் வந்திருந்தால் மட்டும் கையெழுத்திடுங்கள்.