தேஜஸ் பிடித்த மகளுக்கு ஏரோநாட்டிக்கல்தானா?

ஐயா, மகளுக்குப் போர் விமானம் என்றால் உயிர், பிளஸ் டூ முடித்துவிட்டாள், மைத்துனர் காட்டிய தனியார் பல்கலைக்கழகத்தில் ஏரோநாட்டிக்கல் சீட்டுக்கு வீட்டுப் பத்திரத்தை அடமானம் வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பதற வேண்டாம் என்று ஆறுதலாக எழுதத்தான் உட்கார்ந்தேன். பத்திரம் என்ற சொல்லைப் பார்த்ததும் அந்த எண்ணம் போய்விட்டது. வைக்கவே வைக்காதீர்கள்.

பெயரில் விமானம் இருக்கிற படிப்புதான் விமானத்திடம் கொண்டுபோய்ச் சேர்க்கும் என்று உங்கள் மைத்துனர் நம்புகிறார். நம் நாட்டிலேயே வடிவமைத்த போர் விமானமான தேஜஸின் கதையைப் பாருங்கள். திட்டம் 1983-ல் தொடங்கியது, முதல் பறப்பு 2001 ஜனவரியில், முதல் படைப்பிரிவு 2016-ல். விமானம் பறந்து காட்டிவிட்டது. நம் சொந்த எஞ்சின்தான் இன்னும் வந்து சேரவில்லை. அதற்காக 1989-ல் ஒப்புதல் பெற்ற, நம் நாட்டுக் காவேரி எஞ்சின் எடை கூடி, உந்துவிசை குறைந்து, 2008-ல் தேஜஸிலிருந்து பிரிக்கப்பட்டது. தேஜஸின் மார்க் 1ஏ ரகத்துக்காக 2021-ல் அமெரிக்காவில் ஆர்டர் கொடுத்த 99 எஞ்சின்களில் முதலாவது 2025 மார்ச்சில்தான் கைக்கு வந்தது.

எஞ்சினில் எங்கே சிக்கல்? ஒரு முக்கியமான இடம், எஞ்சினுக்குள் சூடான வாயு சுழற்றுகிற, உள்ளங்கையில் அடங்கும் டர்பைன் பிளேடு. அதன்மேல் அடிக்கிற வாயுவின் வெப்பம், பிளேடு செய்த உலோகம் உருகும் வெப்பத்தையே தாண்டும். இருந்தாலும் உருகக் கூடாது, அசுர வேகத்தில் சுற்றும்போது நீளவும் கூடாது. சாதாரண வார்ப்பில் உலோகம் பல படிகங்களாக உறையும். அவை ஒட்டுகிற எல்லைகளில்தான் விரிசல் தொடங்கும். அதனால் நிக்கல் கலப்புலோகத்தைப் பீங்கான் அச்சில் ஊற்றி, உலையின் சூட்டிலிருந்து மெதுவாகக் கீழே இறக்குவார்கள். அடியில் பல படிகங்கள் கிளம்பும். நடுவே ஒரு சுருள் பாதை. அதில் ஒன்றே ஒன்றுதான் தப்பி மேலே வரும். முழு பிளேடும் அந்த ஒரே படிகம்! உள்ளே குளிர்காற்று ஓடும் வழிகள், மேலே நுண்துளைகள், அப்புறம் வெப்பம் தடுக்கும் சிர்கோனியாப் பூச்சு. அந்த வழிகளுக்காக அச்சுக்குள் வைக்கும் பீங்கான் கரு கொஞ்சம் நகர்ந்தால் சுவர் மெலிந்துவிடும், பிளேடு கழிவுக்குப் போகும். ஐதராபாத்தில் உள்ள பாதுகாப்புத் துறை உலோகவியல் ஆய்வகமான டிஎம்ஆர்எல் இதைக் கைக்குக் கொண்டுவந்து, 2021-ல் ஹெலிகாப்டர் எஞ்சினுக்காக 60 பிளேடுகளை விமானம் கட்டும் அரசு நிறுவனமான எச்ஏஎல்-லிடம் கொடுத்தது. இது உலோகவியல் படித்தவர்களின் களம்.

உங்கள் கடிதத்திலேயே ஒரு வரி இருக்கிறது: மகளுக்குக் கணக்கைவிட வேதியியல் பிடிக்கும், "எஞ்சின் ஏன் உருகுவதில்லை" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். நீங்கள் அதைப் போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். எனக்கு மதிப்பெண் பட்டியலைவிட அந்த வரிதான் பெரிது. அவளிடம் பேசாமல் எதையும் முடிவு செய்யாதீர்கள்.

சேலம் அரசுப் பொறியியல் கல்லூரியிலும் கோவை பிஎஸ்ஜி தொழில்நுட்பக் கல்லூரியிலும் உலோகவியல் இருக்கிறது. பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்து தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்வில் கிடைக்கும். ஜேஇஇ எழுதியிருந்தால் திருச்சி என்ஐடியையும் பாருங்கள். அங்கே பாதி இடம் நம் மாநிலத்தவருக்கு. அரசுக் கல்லூரிக் கட்டணத்துக்கு அடமானமெல்லாம் தேவைப்படாது. பிறகு பொறியியல் பட்டதாரிகள் எழுதும் கேட் தேர்வில் உலோகவியலுக்குத் தனித்தாள் உண்டு, அந்த மதிப்பெண்ணை வைத்து பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான டிஆர்டிஓ விஞ்ஞானிப் பணிக்கு ஆள் எடுக்கிறது. போட்டி கடுமைதான். கிடைக்காவிட்டாலும் வார்ப்பாலை, உருக்காலை, வாகன உதிரிபாகத் தொழில் என்று கதவுகள் உண்டு. முதல் சம்பளம் மென்பொருள் துறை மாதிரி இருக்காது, உலைச் சூட்டில் நிற்கவும் வேண்டியிருக்கும். இதை அவளிடம் மறைக்காமல் சொல்லுங்கள். முடிந்தால் விருப்பப் பட்டியல் நிரப்புவதற்கு முன்பே ஒரு வார்ப்பாலைக்குள் கூட்டிப்போய்க் காட்டுங்கள். பார்த்த பிறகு அவள் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள், வேறு பாடம் பேசலாம். அந்தத் தனியார் பல்கலைக்கழகத்துக்கு முன்பணம் மட்டும் இப்போது கட்டாதீர்கள்.