மொதியானோ தேடும் விலாசங்கள்

வணக்கம். பிரெஞ்சு எழுத்தாளர் பத்ரிக் மொதியானோவின் இரண்டு நாவல்களைப் படித்தேன். இரண்டிலும் யாரோ ஒருவர் இன்னொருவரைத் தேடி அலைகிறார். தெருப்பெயர், பழைய தொலைபேசி எண், மூடிப்போன காபிக்கடை என்றே பக்கங்கள் கழிகின்றன. கடைசியில் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. ஒரே கதையைத் திரும்பத் திரும்ப எழுதியவருக்கா நோபல் பரிசு?

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

ஒரே கதைதான், மறுக்கவில்லை. ஆனால் அதை அவர் தேடிப் போய் எடுத்துக்கொண்டதாக எனக்குத் தோன்றவில்லை.

ஐரோப்பாவில் போர் ஓய்ந்த கையோடு, 1945 ஜூலையில் பிறந்தவர் மொதியானோ. தந்தை யூதர். ஜெர்மானியர் பாரிஸைப் பிடித்திருந்த ஆண்டுகளில் பெயரை மறைத்து, கள்ளச்சந்தையில் பிழைத்தவர். தாய் நடிகை, வீடு தங்கியது குறைவு. பிள்ளை விடுதிப் பள்ளிகளில் வளர்ந்தான். உடன் இருந்த ஒரே உயிர் தம்பி ரூடி. அவனும் 1957இல் சிறுவனாகவே இறந்துபோனான். மொதியானோ வெகுகாலம் தன் பிறந்த ஆண்டை 1947 என்று சொல்லிவந்தார். அது தம்பி பிறந்த ஆண்டு. இதை அறிந்த பிறகு அவருடைய எந்தப் பக்கத்தையும் என்னால் வேகமாகப் புரட்ட முடிந்ததில்லை.

'தோரா ப்ரூதெர்' (1997) உங்கள் கையில் கிடைக்கவில்லை என்று நினைக்கிறேன். 1941 டிசம்பர் 31 தேதியிட்ட நாளிதழில் வந்த ஒரு 'காணவில்லை' அறிவிப்பு பல ஆண்டுகள் கழித்து அவர் கண்ணில் படுகிறது. காணாமல் போன பெண் தோராவுக்கு வயது 15, உயரம் 1.55 மீட்டர், கருநீலப் பாவாடை, பழுப்புக் காலணி. தகவல் தெரிந்தவர்கள் பாரிஸில் ஓர்னானோ பூல்வார் என்ற சாலையில் 41ஆம் எண் வீட்டுக்குத் தெரிவிக்கவும். அவர் சிறுவயதிலேயே நடந்து பழகிய வட்டாரம் அது.

ஆண்டுக்கணக்கில் பதிவேடுகளைத் துருவுகிறார். கன்னியாஸ்திரீகளின் விடுதியிலிருந்து அவள் ஓடிப்போன தேதி கிடைக்கிறது. 1942 செப்டம்பர் 18 அன்று தந்தையோடு, யூதர்களைக் கொன்ற நாஜி முகாமான அவுஷ்விட்ஸுக்கு ரயிலேற்றப்பட்டதும் தெரியவருகிறது. ஓடிப்போன பிறகு அந்தக் குளிர்காலத்தில் எங்கே படுத்தாள், யார் சாப்பாடு போட்டார்கள்? கைதேர்ந்த நாவலாசிரியருக்கு அதைக் கற்பனையால் நிரப்ப ஒரு வாரம் போதும். அவர் நிரப்பவில்லை. அது அவளுடைய ரகசியம், கொன்றவர்களாலும் பறிக்க முடியாதது என்று அப்படியே விட்டுவிடுகிறார். கையில் ஒன்றும் மிஞ்சவில்லை என்றீர்களே, அந்த வெற்றிடத்தை இங்கே பாருங்கள்.

2015இல் பாரிஸ் நகராட்சி அதே பகுதியில் ஒரு நடைபாதைக்கு அவள் பெயரை வைத்தது. புத்தகத்தைப் படித்துவிட்டு மீண்டும் எழுதுங்கள்.

அன்புடன்