பி.ஓ.வாக (புரபேஷனரி ஆபீசர், பயிற்சி நிலை அதிகாரி) சேருகிறவர் ஸ்டேட் வங்கித் தலைவர் ஆக முடியுமா?

"மகள் பி.எஸ்சி. தாவரவியல், வயது 22, நாகர்கோவிலில் பி.ஓ. தேர்வுக்குப் படிக்கிறாள். ஸ்டேட் வங்கித் தலைவர் ஆவேன் என்கிறாள், சொந்தக்காரர்கள் சிரிக்கிறார்கள். நடக்குமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நடக்கும். சிரிக்கிறவர்கள் கணக்குப் போட்டுப் பார்த்ததில்லை.

அருந்ததி பட்டாச்சார்யா 1977-இல் பி.ஓ., 2013-இல் தலைவர். ரஜ்னீஷ் குமார் 1980, 2017. தினேஷ் குமார் காரா 1984, 2020. சி.எஸ். செட்டி 1988, 2024. நால்வருக்கும் 36, 37 வருடம் பிடித்திருக்கிறது. பட்டாச்சார்யா படித்தது ஆங்கில இலக்கியம், செட்டி வேளாண்மை. ஆகவே தாவரவியல் தடையே இல்லை.

தடை வயதுதான். தலைவர் பதவிக்கு உச்ச வரம்பு 63. இந்த வருடமே சேர்ந்தால் 36 வருடம் கழித்து உங்கள் மகளுக்கு 58. தேர்வு எழுத 30 வயது வரை இடமிருக்கிறதே என்று மார்த்தாண்டத்துக்கும் நாகர்கோவிலுக்குமாக கோச்சிங் சென்டர் மாறிக்கொண்டிருந்து 28-இல் சேர்ந்தால் கணக்கு 64-இல் போய் நிற்கும்.

அடுத்தது இடமாற்றம். மேலே சொன்ன நால்வரும் வெளிநாட்டு அலுவலகங்களிலும் வேலை பார்த்தவர்கள். நம் ஊரில் ஆரல்வாய்மொழி தாண்ட மனமில்லாமல் பதவி உயர்வே வேண்டாம் என்பவர்கள் உண்டு. குடும்பச் சூழல், குறை சொல்லவில்லை. ஆனால் தலைவர் நாற்காலிக்கு அது வழியல்ல.

முக்கியமானது கடன் மேசை. ஒரு அண்டி ஆபீசுக்கு (முந்திரித் தொழிற்சாலை) 30 லட்சம் கேஷ் கிரெடிட் லிமிட், அதாவது சரக்கை ஈடாகக் காட்டி வேண்டும்போது எடுத்துக்கொள்ளும் கடனின் வரம்பு, என்று வையுங்கள். கையிருப்பு 40 லட்சம், அதில் இன்னும் பணம் கொடுக்காத சரக்கு 10 லட்சம். மீதி 30 லட்சத்தில் 25 சதவீத மார்ஜின் (உரிமையாளர் தன் கையிலிருந்து போட வேண்டிய பங்கு) போனால் 22.5 லட்சம்தான் எடுக்க விடலாம். பிசகுவது இங்கேதான்: மாதா மாதம் வரும் ஸ்டாக் ஸ்டேட்மென்டை நேரில் பார்க்காமலே பைலில் போடுவார்கள். குடோனில் முன்வரிசை மூட்டை புதுசு, பின்வரிசை போன சீசனின் பூச்சி அரித்த கொட்டை. பின்வரிசையில் ஒரு மூட்டையை இறக்கி, அவிழ்த்து, எடை போட வேண்டும். வட்டி 90 நாள் நிலுவையில் நின்றுவிட்டால் கணக்கு வாராக்கடன். அப்புறம் வருந்திப் பயனில்லை. ஜேஏஐஐபி, சிஏஐஐபி என்ற வங்கி ஊழியர்களுக்கான தகுதித் தேர்வுகளையும் சேர்ந்த முதல் சில வருடங்களிலேயே முடித்துவிடட்டும்.

இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை: கடன் கேட்டு வருகிறவர் தலையில் காப்பீட்டு பாலிசியைக் கட்டச் சொல்லி இளம் அதிகாரிகளை விரட்டுகிறார்கள். குடோனுக்குப் போக வேண்டிய நேரம் டார்கெட்டுக்குப் போகிறது. பெரிய அநியாயம்.

"டெல்லி செல்வாக்கு இல்லாமல் ஆகாது" என்று கீழே யாராவது எழுதுவார்கள். கடைசி முடிவு மத்திய அரசின் நியமனக் குழுவுடையது, உண்மை. ஆனால் பெயரைப் பரிந்துரைக்கும் அரசுப் பணியகத்தின் (எஃப்.எஸ்.ஐ.பி.) நேர்காணலுக்கு வழக்கமாக அழைக்கப்படுவது வங்கியின் நிர்வாக இயக்குநர்கள். அந்த இடம் வரை ஏற்றிவிடுவது நான் மேலே சொன்ன வேலைதான். தனியார் வங்கி வழி வேறு. அங்கே ரிசர்வ் வங்கி ஒப்புதல் வேண்டும், வயது வரம்பு 70.

குழந்தை, பெற்றோர் உடல்நிலை என்று இடையில் நெருக்கடி வந்தால் உங்கள் மகள் உடனே ராஜினாமா எழுத வேண்டாம். பெண் ஊழியர்களுக்கு 2 வருட விடுப்பை பட்டாச்சார்யா கொண்டுவந்தார். முதலில் அதைக் கேட்கட்டும்.