வினையூக்கியை வைத்து மூலக்கூறின் ‘கை’யைக் கட்டுப்படுத்துவது எப்படி?

கேள்வி இது: “மருந்து போன்ற சிக்கலான கரிமச் சேர்மங்களைத் தயாரிக்கும்போது இடக்கை, வலக்கை என்று இரண்டு வடிவங்கள் வருமாமே. அதில் ஒன்றை மட்டும் வரவைக்க வினையூக்கி எப்படி உதவுகிறது? வந்தது எந்தக் கை என்று எப்படித் தெரியும்?”

சில வருடங்கள் இதே வேலையைச் செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன். இந்தக் கேள்விக்கு வழக்கமாகக் கிடைக்கும் பதில் “பூட்டும் சாவியும் போல” என்பது. என்சைம்களை விளக்க எமில் ஃபிஷர் 1894ல் சொன்ன உவமை அது. கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் அதை நம்பி ஆய்வகத்துக்குள் போனால் பாதி விஷயங்கள் புரியாது. நடப்பது பொருத்தம் பார்ப்பதில்லை, பந்தயம். அதுவும் மயிரிழையில் முடிவாகும் பந்தயம்.

முதலில் அடிப்படையைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். ஒரு கார்பனோடு நான்கு வெவ்வேறு தொகுதிகள் சேர்ந்திருந்தால், அதே நான்கையும் இரண்டு விதமாக அடுக்கலாம். இரண்டும் ஒன்றுக்கொன்று ஆடி பிம்பம். வலம்புரியை எப்படித் திருப்பினாலும் இடம்புரி ஆகாதல்லவா, அப்படித்தான் இவையும். உருகுநிலை, கொதிநிலை, கரைதிறன் எல்லாம் ஒன்றே. ஆனால் நம் உடம்பே கை உள்ள மூலக்கூறுகளால் ஆனது என்பதால் மூக்குக்கு வித்தியாசம் தெரியும். கார்வோன் என்ற சேர்மத்தின் ஒரு வடிவம் ஸ்பியர்மின்ட் புதினா வாசனை, அதன் ஆடி பிம்பம் கேரவே விதை வாசனை. (தாலிடோமைடு மருந்தின் ஒரு வடிவம் மட்டுமே கருவிலிருந்த குழந்தைகளைப் பாதித்தது என்ற கதையை இங்கே எல்லோரும் சொல்வார்கள். அதன் இரண்டு வடிவங்களும் உடம்புக்குள் ஒன்றிலிருந்து மற்றொன்றாக மாறிக்கொள்ளும். ஆகவே ‘நல்ல’ வடிவத்தை மட்டும் கொடுத்திருந்தால் போதும் என்பது சரியல்ல.)

கை இல்லாத பொருள்களை மட்டும் போட்டு வினை நடத்தினால் இரண்டு வடிவங்களும் சரிபாதியாக வரும். இதற்கு விதிவிலக்குகள் மிக அரிது. பாடநூல் இதைச் சுழிமாய்க் கலவை என்கிறது, ஆய்வகத்தில் ரெசிமேட் என்போம். 1848ல் லூயி பாஸ்டர் டார்டாரிக் அமிலத்தின் உப்பு ஒன்றில் இரண்டு வகைப் படிகங்களைக் கண்ணால் பார்த்து, இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பிரித்தார். எல்லாச் சேர்மமும் அப்படித் தனித்தனிப் படிகமாக இறங்காது. பிரித்தாலும் தேவையில்லாத பாதி வீண். பத்துப் பதினைந்து படிகள் தாண்டி வந்த ஒரு பொருளில் பாதியைக் கொட்டுவது எப்படி இருக்கும் என்பது கொட்டியவர்களுக்குத்தான் தெரியும்.

அதனால் வினைக்குள்ளேயே எங்காவது ஒரு ‘கை’யை நுழைக்க வேண்டும். அதைத் தொடக்கப் பொருளிலேயே வைக்கலாம், தற்காலிகமாக ஒட்டிவிட்டுப் பிறகு கழற்றலாம், அல்லது வினையூக்கியில் வைக்கலாம். மூன்றாவதன் லாபம் வெளிப்படை. மற்ற இரண்டிலும் ஒரு மூலக்கூறு தயாரிக்க ஒரு கைரல் (அதாவது கை உள்ள) மூலக்கூறு வேண்டும். வினையூக்கியில் ஒரு மூலக்கூறே திரும்பத் திரும்ப வேலை செய்து ஆயிரக்கணக்கான மூலக்கூறுகளுக்குத் தன் கையைக் கொடுத்துவிடும்.

சரி, எப்படிக் கொடுக்கிறது? ஒரு இரட்டைப் பிணைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அது தட்டையானது. மேலிருந்து ஹைட்ரஜன் சேர்ந்தால் ஒரு கை, கீழிருந்து சேர்ந்தால் மறு கை. வினையூக்கி இல்லாதபோது இரண்டு வழிகளும் ஒன்றுக்கொன்று ஆடி பிம்பம் என்பதால் ஏற வேண்டிய ஆற்றல் மேடும் ஒரே உயரம். கைரல் ஈனி (உலோகத்தைப் பிடித்துக்கொள்ளும் மூலக்கூறு) கட்டிய உலோகத்தை உள்ளே விட்டதும் அந்தச் சமநிலை உடைகிறது. வலக்கையால் வலக்கையைக் குலுக்குவதும் இடக்கையைக் குலுக்குவதும் ஆடி பிம்பங்கள் அல்ல, இரண்டு வேறு வேறு காரியங்கள். ஆகவே இரண்டு மேடுகளின் உயரமும் வேறாகிவிடும். தாழ்ந்த மேட்டைத் தாண்டும் வழியில் அதிகப் பொருள் போய்ச் சேரும். அவ்வளவுதான்.

இதில் என்னை முதலில் அசத்தியது அந்த உயர வித்தியாசத்தின் அளவு. அறை வெப்பநிலையில் 10க்கு 1 என்று கிடைக்க மோலுக்குச் சுமார் 1.4 கிலோகலோரி வித்தியாசம் போதும். 99க்கு 1 வேண்டுமென்றால் சுமார் 2.7. ஈத்தேன் மூலக்கூறு தன் கார்பன்-கார்பன் பிணைப்பைச் சுற்றிச் சும்மா சுழல்வதற்கே கிட்டத்தட்ட 3 கிலோகலோரி தடை இருக்கிறது. அதாவது ஈத்தேன் ஒரு திருப்பு திரும்பும் ஆற்றலைவிடக் குறைவான வித்தியாசத்தில்தான் ஒரு மருந்தின் தூய்மை தொங்குகிறது. அதனால்தான் இந்தத் துறையில் பல வினைகளை -78 டிகிரியில் செய்துகொண்டிருக்கிறோம். அறை வெப்பநிலையில் 10க்கு 1 தரும் அதே வித்தியாசம், அது மாறாமல் இருந்தால், -78ல் சுமார் 33க்கு 1 தரும். கணினி இவ்வளவு வளர்ந்த பிறகும் புது வினைக்கு எந்த ஈனி சரி என்று பலரும் ஐம்பது குப்பிகளில் ஐம்பது ஈனிகளைப் போட்டுப் பார்ப்பதற்கும் இதுவே காரணம். ஒரு கிலோகலோரி பிசகினால் கணிப்பு பொய்யாகிவிடும்.

இப்போது பூட்டு-சாவிக்கு வருகிறேன். 1970களில் வில்லியம் நோல்ஸ் மான்சான்டோ நிறுவனத்தில் ரோடியத்தோடு டைபாம்ப் என்ற கைரல் பாஸ்பீன் ஈனியைக் கட்டி, பார்க்கின்சன் நோய்க்கான எல்-டோபாவைத் தொழிற்சாலை அளவில் தயாரிக்க வழி செய்தார். சுமார் 95 சதவீத மிகுதி (ஒரு கையின் சதவீதத்திலிருந்து மறு கையின் சதவீதத்தைக் கழித்தால் வருவது). இந்த வகை ஹைட்ரஜனேற்றத்தில் உள்ளே என்ன நடக்கிறது என்று ஜாக் ஹால்பர்ன் பிறகு தோண்டிப் பார்த்தார். ரோடியம் இரட்டைப் பிணைப்பை ஒரு முகத்தால் பிடித்த அணைவுதான் (இரண்டும் சேர்ந்த கூட்டு) கரைசலில் மிக அதிகமாக இருந்தது. படிகமாகவும் எடுக்க முடிந்தது. நன்றாகப் பொருந்திய சாவி அதுதான் என்று யாரும் சொல்வோம். ஆனால் கிடைத்த விளைபொருள் அதற்கு எதிர்க் கை! அழகாகப் பொருந்திய அணைவு சொகுசாக உட்கார்ந்துவிட்டது, ஹைட்ரஜனோடு மெதுவாகத்தான் வினைபுரிந்தது. கொஞ்சமாக இருந்த, சரியாகப் பொருந்தாத மற்ற அணைவு படுவேகமாக ஓடி முடித்தது. இரண்டும் ஒன்றுக்கொன்று மாறிக்கொண்டே இருப்பதால், சொகுசாக இருந்ததும் கடைசியில் அந்த வேகமான வழியில்தான் வடிந்தது. ஹைட்ரஜன் அழுத்தத்தைக் கூட்டினால் அவை மாறிக்கொள்ள நேரம் கிடைக்காது, கைத்தூய்மை குறையும். இந்த ஒரு உதாரணம் தெரிந்தபின் “பொருந்துகிறதா?” என்று கேட்பதை நிறுத்திவிட்டேன். “எது முதலில் தாண்டுகிறது?” என்றுதான் கேட்பேன்.

அடுத்தது உங்கள் கேள்வியில் இருந்த ‘சிக்கலான’ என்ற சொல். உண்மையான தலைவலி அங்கேதான். புற்றுநோய் மருந்தான டாக்ஸால் மூலக்கூறில் 11 கைரல் மையங்கள், அதாவது முன்பு சொன்ன நான்கு வெவ்வேறு தொகுதிகள் கொண்ட கார்பன்கள். கணக்குப்படி 2 இன் 11ஆம் அடுக்கு, அதாவது 2048 வடிவங்கள். வேண்டியது ஒன்றே ஒன்று. முதல் மையத்தை உருவாக்கும்போது வினையூக்கி சொல்வதுதான் சட்டம். மூன்றாவது மையத்துக்கு வரும்போது மூலக்கூறுக்கே ஒரு பிடிவாதம் வந்திருக்கும். ஏற்கெனவே இருக்கும் மையங்கள் ‘இந்தப் பக்கம்தான் வா’ என்று தள்ளும். வினையூக்கியும் அதே பக்கம் தள்ளினால் யோகம். எதிர்ப்பக்கம் தள்ளினால் இழுபறி.

இதற்கு ஷார்ப்லெஸ் எபாக்சைடாக்கத்தைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது. 1980ல் கட்சுகியும் ஷார்ப்லெஸும் வெளியிட்ட, இரட்டைப் பிணைப்பின் மேல் ஒரு ஆக்சிஜனைச் சேர்க்கும் வினை அது. டைட்டானியம், ஒரு பெராக்சைடு, அப்புறம் டார்டாரிக் அமிலத்தின் எஸ்டரான டார்ட்ரேட். பாஸ்டர் பொறுக்கிய அதே டார்டாரிக் அமிலம்தான். கிளிசரால்டிகைடிலிருந்து செய்த ஒரு அல்லைல் ஆல்கஹாலில், டார்ட்ரேட் இல்லாமல் செய்தால் மூலக்கூறின் சொந்த விருப்பப்படி 2.3க்கு 1. விருப்பத்தோடு ஒத்துப்போகும் டார்ட்ரேட்டைப் போட்டால் 90க்கு 1. அதன் ஆடி பிம்பத்தைப் போட்டால் 1க்கு 22. கடைசி எண்ணைக் கவனியுங்கள். மூலக்கூறு வேண்டாம் என்று தள்ளிய பக்கத்துக்கே வினையூக்கி அதை இழுத்துக்கொண்டு போய்விட்டது. மாசமுனே, ஷார்ப்லெஸ் குழுக்கள் சேர்ந்து இந்த வினையைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தி எல்-ஹெக்சோஸ் சர்க்கரைகள் எட்டையும் 1983ல் தயாரித்தது இந்தப் பலத்தில்தான்.

எப்போதும் சண்டை போட வேண்டும் என்றில்லை. மூலக்கூறின் பிடிவாதம் நமக்குச் சாதகமாக இருந்தால் சும்மா விட்டுவிடுவதே கெட்டிக்காரத்தனம். மெந்தாலில் மூன்று மையங்கள், எட்டு வடிவங்கள். ரியோஜி நொயோரியின் பினாப் ஈனியோடு ரோடியத்தைக் கட்டி, டகாசாகோ நிறுவனம் அதை 1980களில் பெரிய அளவில் தயாரிக்கத் தொடங்கியது. அங்கே வினையூக்கி தீர்மானிப்பது ஒரே ஒரு மையத்தை. பிறகு வளையம் மூடும்போது எல்லாத் தொகுதிகளும் நெருக்கடி இல்லாமல் வெளிப்பக்கம் நீட்டிக்கொள்ளும் வடிவத்தையே மூலக்கூறு தேர்ந்தெடுக்கும். மற்ற இரண்டு மையங்களும் தானாக அமைந்துவிடும். இந்தச் சிக்கனம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மையங்கள், இரண்டும் ஒரே படியில் வர வேண்டும், நான்கு வடிவங்களில் எதுவும் நம் இஷ்டப்படி வேண்டும் என்றால்? ரொம்ப நாள் இது பேராசையாகவே இருந்தது. 2013ல் கரேரா குழு இரிடியம் வினையூக்கி ஒன்றையும் அமீன் வினையூக்கி ஒன்றையும் ஒரே குடுவையில் போட்டது. ஒவ்வொன்றும் தன் பக்கத்து மையத்தை மட்டும் பார்த்துக்கொண்டது. இரண்டின் கைகளையும் மாற்றி மாற்றிப் போட்டால் நான்கு வடிவங்களும் தனித்தனியாகக் கிடைத்தன.

உலோகமே இல்லாமலும் முடியும். 2000ல் பெஞ்சமின் லிஸ்ட் புரோலின் என்ற சாதாரண அமினோ அமிலத்தை வைத்தும், மெக்மில்லன் ஃபினைல்அலனினிலிருந்து செய்த சிறு மூலக்கூறை வைத்தும் காட்டினார்கள். 2021ல் நோபல். நோல்ஸ், நொயோரி, ஷார்ப்லெஸ் மூவருக்கும் அதற்கு முன்பே 2001ல் கிடைத்துவிட்டது. என்சைம்களையும் ஒதுக்க முடியாது. நீரிழிவு மருந்தான சிடாக்ளிப்டினைத் தொழிற்சாலையில் ரோடியம் வழியில் செய்துகொண்டிருந்தார்கள். 2010ல் வெளியான ஆய்வில், செயற்கையாகப் பரிணமிக்க வைத்த ஒரு என்சைம் அந்த வேலையைச் செய்து காட்டியது.

என் சொந்தக் கதை ஒன்று. அந்த புரோலின் குடும்பத்து வினையூக்கி ஒன்றை வைத்து ஆல்டிஹைடு ஒன்று செய்துகொண்டிருந்தேன். முதல் தடவை 94 சதவீத மிகுதி. அடுத்த தடவை 71. அதற்கடுத்து 83. வினையூக்கி கெட்டுப்போனதோ என்று புதிதாகத் தயாரித்தேன், கரைப்பானை மறுபடி வடித்தேன், இரண்டு வாரம் போயிற்று. கடைசியில் ஆய்வகத்து அண்ணன் ஒருவர் கேட்டார்: “வந்ததும் என்ன பண்றே?” சுத்தம் செய்ய சிலிக்கா தூளில் ஓடவிட்டு, குடுவையில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போவேன் என்றேன். “ஆல்டிஹைடைக் கையில வச்சுக்கிட்டு உட்காராதேப்பா. வந்ததும் ஆல்கஹாலா மாத்திடு.” முதல் தடவை ஏதோ அவசரத்தில் அப்படித்தான் செய்திருந்தேன். என் மையம் ஆல்டிஹைடுக்கு அடுத்த கார்பனில் இருந்தது. சிலிக்காவின் லேசான அமிலத்தன்மையே அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குலைத்துக்கொண்டிருந்தது. வினையூக்கி மேல் ஒரு குற்றமும் இல்லை. அது ஒவ்வொரு தடவையும் சரியான கையைத்தான் கொடுத்தது, நான்தான் தொலைத்தேன்.

அதே சமயம், சிக்கலான மூலக்கூறுகளில் கணக்கு நமக்கு உதவும் இடமும் உண்டு. இரண்டு துண்டுகளைத் தனித்தனியாக 95:5 என்ற தூய்மையில் செய்து ஒட்டுகிறீர்கள் என்று வையுங்கள். இரண்டும் சரியான கையாக இருக்கும் வாய்ப்பு 90.25 சதவீதம். இரண்டுமே தப்பாக, அதாவது முழு ஆடி பிம்பமாக இருக்கும் வாய்ப்பு வெறும் 0.25. மீதி 9.5 சதவீதம் ஒன்று சரி, ஒன்று தப்பு. அவை ஆடி பிம்பங்கள் அல்ல என்பதால் சாதாரண முறையிலேயே பிரித்துவிடலாம். பிரித்தபின் கையில் இருப்பது 99.4 சதவீத மிகுதி. விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு போனது, தூய்மை ஏறியது.

கடைசியாக, எந்தக் கை வந்தது என்று எப்படித் தெரியும்? எவ்வளவு தூய்மை என்பது சுலபம். கலவையைப் பிரிக்கும் எச்பிஎல்சி கருவியின் குழாய்க்குள்ளேயே கைரல் பொருளை நிரப்பியிருப்பார்கள், இரண்டு வடிவங்களும் வெவ்வேறு நேரத்தில் வெளியே வரும். முதலில் ரெசிமேட்டைச் செலுத்தி இரண்டு முகடும் எங்கே வருகின்றன என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அதைச் செய்யாமல் ஒற்றை முகட்டைக் காட்டி “100 சதவீதம்” என்று மகிழ்பவர்கள் உண்டு. ஆனால் அந்த முகடு வலமா இடமா என்பது வேறு கேள்வி. கரைசல் வழியே போகும் முனைவுற்ற ஒளியின் தளம் எந்தப் பக்கம் சுழல்கிறது என்பதை மட்டும் வைத்து அணுக்களின் அடுக்கைச் சொல்ல முடியாது. அதே எமில் ஃபிஷர் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் சர்க்கரை மூலக்கூறுகளை வரைந்தபோது அவருக்கும் தெரியாது. ஏதாவது ஒரு பக்கத்தைத் தேர்ந்தாக வேண்டும் என்று தேர்ந்தார். 1951ல் பைஃபுட் குழு சோடியம் ருபீடியம் டார்ட்ரேட் படிகத்தில் எக்ஸ் கதிர்களைச் செலுத்தி உண்மையான அடுக்கைப் பார்த்தது. மறுபடியும் டார்டாரிக் அமிலம்! ஃபிஷரின் ஊகம் சரியாக இருந்தது. பாதிக்குப் பாதி வாய்ப்பில் அவர் தப்பித்தார், இல்லையென்றால் அதுவரை அச்சான அத்தனை படங்களையும் திருப்பி வரைந்திருக்க வேண்டும். இன்றும் வழி அதேதான். மூலக்கூறில் எங்காவது புரோமின் போன்ற கனமான அணு ஒன்றை மாட்டி, படிகம் வளர்த்து, எக்ஸ் கதிரில் வைப்போம். படிகம் வளராமல் எண்ணெயாகவே நின்றுவிட்டால் மோஷர் எஸ்டர் (கை தெரிந்த ஒரு அமிலத்தை ஒட்டிய வடிவம்) செய்து, காந்தப் புலத்தில் அணுக்கள் தரும் சமிக்ஞையைப் பதியும் என்எம்ஆரில் பார்ப்போம். என் ஆல்டிஹைடிலிருந்து வந்த ஆல்கஹால் எண்ணெய்தான். புரோமின் உள்ள பென்சோயேட்டாக மாற்றியபின், மூன்று வாரம் கழித்து ஒரு ஊசி முளைத்தது.