மகள் வாங்கி வந்த ஃபாவாவைச் சமைக்கலாமா?

கேள்வி: கிரீஸ் போய் வந்த என் மகள் சான்டோரினித் தீவிலிருந்து ‘ஃபாவா’ என்று ஒரு கிலோ மஞ்சள் பருப்பு வாங்கி வந்தாள். பக்கத்து வீட்டுக்காரர், “இது கேசரிப் பருப்பு, கால் விளங்காமல் போய்விடும்” என்கிறார். சமைக்கலாமா? எப்படி?

பதில்: தாராளமாகச் சமைக்கலாம். அவர் சொன்னதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அசல் சான்டோரினி ஃபாவா, கேசரிப் பருப்புக்குச் சித்தப்பா பிள்ளை மாதிரி. ஆனால் கால் முடக்கம் வருவது, பஞ்சத்தில் வேறு வழியில்லாமல் மாதக்கணக்கில் அதையே முழுச் சாப்பாடாக உண்டவர்களுக்கு. எப்போதாவது ஒரு கிண்ணம் சாப்பிடப் பயம் வேண்டாம். அத்தீவின் அக்ரோத்திரி என்ற பழங்கால ஊர் எரிமலைச் சாம்பலில் புதைந்து 3,500 ஆண்டுகளுக்கு மேலாகிறது. அங்கே தோண்டியபோதே இந்தப் பருப்பு கிடைத்திருக்கிறது.

என் கவலையெல்லாம் அது அசல்தானா என்பதில். பையில் சிவப்பும் மஞ்சளுமான வட்ட முத்திரை இருக்கிறதா பாருங்கள். 2010-லிருந்து ஐரோப்பியச் சட்டம் இந்தப் பெயரைக் காக்கிறது. மானாவாரியாக, குறைவாகவே விளைவதால் விலை அதிகம். அதனால்தான் இடைத்தரகர்கள் எங்கோ விளைந்த பட்டாணிப் பருப்பைத் துணிப்பையில் கட்டி, தீவின் படம் ஒட்டி விற்கிறார்கள். சட்டம் போட்டால் போதுமா? கடை வாசலில் வந்து பார்க்க ஆள் வேண்டாமா? வெயிலில் பாடுபடும் விவசாயிக்குச் சேரவேண்டிய காசு அது. சாக்கிலிருந்து அள்ளித் தருவதை வாங்கவே வாங்காதீர்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் அலட்சியம் கூடாது. வீட்டில் யாருக்காவது ஜி6பிடி குறைபாடு, அதாவது பிறவியிலேயே வரும் ஒரு நொதிக் குறைபாடு, உண்டா? அவர்களுக்கு ‘ஃபாவா பீன்ஸ்’ எனப்படும் பெரிய அவரை ஆகாது. ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்துவிடும். கிரேக்கர்கள் அதைக் ‘குக்கியா’ என்பார்கள், அது வேறு. ஆனால் கிரீட் தீவில் அந்தக் குக்கியாவையே தோல் நீக்கி, மசித்து, ‘குக்கோஃபாவா’ என்று பரிமாறுவார்கள். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஆகவே குறைபாடு உள்ளவர்கள் பெயரை நம்பாமல், எதில் செய்தது என்று கேளுங்கள்; டாக்டரிடம் சொல்லாமல் எதையும் தொடாதீர்கள்.

சரி, சமையல். ஊறவைக்க வேண்டாம். ஒரு கப் பருப்பைக் கழுவி, மூன்று கப் தண்ணீரும் ஒரு வெங்காயமும் சேர்த்துத் திறந்த பாத்திரத்தில் வையுங்கள். நுரை விசிலை அடைக்கும் என்பதால் குக்கர் வேண்டாம். பொங்கும் நுரையை வழித்துவிட்டு, சிறு தீயில் முக்கால் மணி நேரம் விடுங்கள். எலுமிச்சையை முன்னாலேயே பிழிந்தால் பருப்பு வேகாது, உப்பும் கடைசியில்தான். மசித்து, ஆலிவ் எண்ணெய் தாராளமாக ஊற்றி, மேலே பச்சை வெங்காயம் தூவுங்கள். ஆறினால் இறுகிவிடும், கொஞ்சம் தளர்வாகவே இறக்குங்கள்.